ஊதாப் பொடியின் மறுபாதி

ஜன்னல் இல்லாத அறையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் இருந்தால் ரஃபத் ஜஹானுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். வேலூரிலிருந்து காட்பாடி போகிற வழியில் இருந்த அந்த ஆராய்ச்சி நிலையத்தின் தரைக்கடி அறைக்குள் அவள் நுழைந்து ஏழு நிமிடம் ஆகியிருந்தது.

“சார், இது லேபா, இல்ல யாரையாவது ஒளிச்சு வெக்கற எடமா?”

“நீ வந்தப்புறம் ரெண்டும்தான்,” என்றார் கிருபானந்தம்.

கிருபானந்தம் அவளுடைய முதலாளி. தோட்டப்பாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் தோல் தரம் பிரிக்கிற செலக்டராக இருந்தவர். பதனிட்ட தோலைத் தடவிப் பார்த்தே, அந்த ஆடு எந்த வேலியில் உரசிக்கொண்டது என்று சொல்லிவிடுவார் என்று பெயர். ஆட்டிலிருந்து மனுஷனுக்கு மாறியதில் வருமானம்தான் குறைந்ததே தவிர வேலை ஒன்றும் பெரிதாக மாறவில்லை என்பார். ரஃபத் அவரிடம் சேர்ந்து நாலு வருஷம். கார் ஓட்டுவது, கணக்கற்ற கேள்வி கேட்பது, அவர் மறந்து வைத்த கண்ணாடியைத் தேடுவது எல்லாம் அவள் பொறுப்பு.

2008-ம் வருஷத்து ஜூலை மாதம், ஒரு சனிக்கிழமை. காலை பதினொன்றரை மணி. அறைக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். நிலையத்தின் தலைவி ஜெயபுஷ்பம், வெள்ளைச் சேலை, இடுப்பில் சாவிக்கொத்து. விஞ்ஞானி கரோலின், நாற்பது வயசு, தூக்கம் போதாத கண்கள். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, லேப் உதவியாளர் மேகலா. மாதனூர்ப் பெண். அழுது முடித்துவிட்டு அடுத்த அழுகைக்குக் காத்திருக்கிற முகம்.

“டாக்டர், முதல்ல எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. களவு போனது இன்னா?” என்று கேட்டார் கிருபானந்தம்.

கரோலின் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து நீட்டினாள். அதில் சாம்பல் கலந்த ஊதா நிறத்தில் ஒரு சிட்டிகைக்குக் கொஞ்சம் மேலே பொடி.

“இதுல இருக்க வேண்டிய பொடி, ரெண்டு பொருள் சேர்ந்தது சார். டைட்டானியம் வெள்ளையில கண்ணுக்கே தெரியாத அளவு துகள் செஞ்சு, அதுமேல தங்கத்தை இன்னும் பொடிசா ஒட்ட வெச்சிருக்கோம். சும்மா கெடந்தா அது யாரையும் ஒண்ணும் பண்ணாது. ஸ்கேன் எடுக்கறாங்களே, அந்த அல்ட்ராசவுண்ட் மாதிரி, ஆனா அதைவிடப் பலமா, கட்டி இருக்கிற எடத்துல ஒலியைப் பாய்ச்சினா பொடி முழிச்சுக்கும். பக்கத்துல இருக்கிற கேன்சர் செல்லைக் கொன்னுடும். ஒலி படாத எடத்துல தூங்கிட்டே இருக்கும்.”

“டைட்டானியம் மட்டும் போதாதா? எதுக்குத் தங்கம்?” என்றாள் ரஃபத்.

“டைட்டானியம் தனியா சோம்பேறி. தங்கம் கூட இருந்தாதான் சுறுசுறுப்பா வேலை செய்யும்.”

“எங்க வீட்டுக்காரர்கூட அப்படித்தான். ஆனா தங்கம்னா மஞ்சளா இல்ல இருக்கணும்?”

“அவ்ளோ பொடிசானா தங்கம் ஊதாவாத் தெரியும்.” கரோலின் முதல் தடவையாக லேசாகச் சிரித்தாள். “இன்னும் எலிக்குக்கூடக் குடுக்கல. தட்டுல வளர்க்கிற செல்லுலதான் சோதனை. ஆனா அஞ்சு வருஷ உழைப்பு. இங்க யாரும் இதுக்குக் கையுறைகூடப் போடறதில்ல. விருந்தாளி வந்தா வெறும் உள்ளங்கையில கொட்டிக் காட்டுவேன். இட்லிக்குத் தொட்டுக்கலாம்னு சொல்லுவேன், அவ்ளோ சாது.”

மீதியை ஜெயபுஷ்பம் சொன்னார். திங்கட்கிழமை டெல்லியிலிருந்து ஒரு குழு வருகிறது. அவர்கள் கண் முன்னால் செய்து காட்ட வேண்டும். ஒலி இல்லாமல் பொடி மட்டும் போட்ட தட்டில் செல்கள் உயிரோடு இருக்க வேண்டும், ஒலியும் பாய்ச்சின தட்டில் சாக வேண்டும். நேற்று வெள்ளிக்கிழமை ஒத்திகை பார்த்தபோது இரண்டு தட்டிலும் ஒன்றுமே சாகவில்லை. பொடிக்கு வீரியம் கம்மி போலிருக்கிறது என்று கரோலின் சொன்னாள். ஜெயபுஷ்பத்துக்கு மனசு ஒப்பவில்லை. குப்பியை எடுத்துப் போய் வேறொரு மெஷினில் வைத்துப் பார்த்தார். அதில் தங்கமே இல்லை. யாரோ உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு அதே நிறத்தில் வேறு எதையோ கொட்டி வைத்திருக்கிறார்கள்.

“அலமாரிக்கு ரெண்டே சாவி. ஒண்ணு கரோலின்கிட்ட, ஒண்ணு இவகிட்ட,” என்று மேகலாவைக் காட்டினார். “இவ அப்பா தானியேல் ஆம்பூர்ல ஷூ கம்பெனில வேலை செய்றார். டைட்டானியம் வெள்ளை அங்க மூட்டை மூட்டையா கெடக்கும். அஞ்சு மணிக்கு அவரை வரச் சொல்லியிருக்கேன். அவர் முன்னாடி ராஜினாமா எழுதிக் குடுத்தா அதோட போகட்டும். இல்லன்னா போலீஸ்தான். ஆனாலும் ஒரு பொண்ணோட பேரு. மனசு நெருடுது. அதான் உங்களைக் கூப்பிட்டேன்.”

“நான் எடுக்கல மேடம்,” என்றாள் மேகலா. எத்தனையாவது தடவையோ.

ரஃபத் குப்பியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். “இதுல எவ்ளோ தங்கம் இருந்திருக்கும் டாக்டர்?”

“மூக்குத்தித் திருகாணிக்குக்கூட வராது.”

“அதுக்குப் பதிலா உங்க ஸ்டூலை எடுத்துட்டுப் போனாலாவது உட்காரலாம்.” ரஃபத் திரும்பினாள். “சார், இது தங்கத்துக்காக எடுத்ததில்ல.”

“அது நான் படியிறங்கி வர்றப்பவே தெரியும்,” என்று கிருபானந்தம் பொய் சொன்னார்.

அவர் கண் மேகலாவின் பக்கத்தில் இருந்த நோட்டுப் புத்தகத்தின் மேல் இருந்தது. அதைப் புரட்டினார். ஒவ்வொரு தடவை பொடி தயாரித்தபோதும் தேதி போட்டு, அந்தப் பொடியில் துளி எடுத்து, வடிகட்டும் தாளில் தடவி ஒட்டியிருந்தது. கடைசிப் பக்கத்தில் இந்தக் குப்பியில் இருந்திருக்க வேண்டிய உண்மையான பொடியின் தடம்.

“இது யார் வழக்கம்மா?”

“நான்தான் சார். பாக்கறப்ப எந்தத் தேதிதுன்னு சட்டுனு தெரியுமேன்னு.”

கிருபானந்தம் குப்பியிலிருந்து ஊசி முனையளவு பொடி எடுத்து, அந்தத் தடத்துக்குப் பக்கத்திலேயே தடவினார். டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். இரண்டும் ஒன்றில்லை. குப்பியில் இருந்ததில் ஒரு சிவப்பு ஓட்டம் இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வரைக்கும் யாருக்கும் அது தெரிந்திருக்காது.

“மட்டமான வேலை,” என்றாள் ரஃபத்.

“வா மேல போலாம்,” என்றார் அவர்.

எல்லோரும் படியேறி வெளியே வந்தார்கள். கொளுத்தும் வெயில். கிருபானந்தம் நோட்டை வெயிலில் விரித்தார். ரஃபத் குனிந்து பார்த்தாள், கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தாள். இரண்டு தடமும் அச்சு அசலாக ஒன்று. எது எது என்று சொல்லவே முடியவில்லை.

“இன்னா சார் மாயம்?”

“மாயம் இல்ல. வேற வேற சரக்கைக் கலந்து ஒரே நிறம் பண்ணலாம். ஆனா எந்த வெளிச்சத்துல பொருத்தினியோ அந்த வெளிச்சத்துலதான் ஒண்ணா இருக்கும். வெளிச்சம் மாறினா காட்டிக் குடுத்துடும். இதைப் பொருத்தின ஆள் பகல் வெளிச்சத்துல பொருத்தியிருக்கார். நிறம் பொருத்தற ஷேடு மாஸ்டர் எவரும் டியூப் லைட்ல ஷேடு பாக்க மாட்டார். காலைல பத்துலேந்து மூணு மணி வரைக்கும், வடக்குப் பார்த்த ஜன்னல். இது தோலுக்கு வர்ணம் ஏத்தற பினிஷிங்ல ஊறின ஆளோட வேலை.”

சொல்லி முடித்தபிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை.

“அப்ப இவ அப்பாதான்,” என்றார் ஜெயபுஷ்பம்.

“எங்கப்பா சோல் ஒட்டற செக்‌ஷன் மேடம். வர்ணத்தைத் தொட்டதே இல்ல.”

“அதே கம்பெனிதானேம்மா. தெரிஞ்சவங்க இருக்க மாட்டாங்களா?”

கரோலின் பார்வையைத் தூரத்து மலைப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ரஃபத்துக்கு முதலாளி மேல் எரிச்சலாக வந்தது. அந்தப் பெண்ணைக் காப்பாற்றக் கூப்பிட்டால் கயிற்றை இன்னும் இறுக்கிவிட்டாரே என்று மனசுக்குள் திட்டினாள்.

அவரோ எதுவும் நடக்காததுபோலக் குழாயடிக்குப் போய், பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, ஒரு வெள்ளைத் தாளில் சொட்டுவிட்டுக் காயவைத்தார். ஊதாச் சொட்டு மெல்லப் பரந்தது. அதன் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு பச்சை வளையம் கட்டியது.

கிருபானந்தத்தின் முகத்தில் வெளிச்சம் வந்தது. “ரஃபத், வண்டியை எடு.”

“எங்க?”

“ஆம்பூர். வர்ணத்தை மங்கலாக்கணும்னா எல்லாரும் துளி கறுப்பு போடுவாங்க. ஊதாவுக்குப் பச்சை போட்டு மங்க வெக்கறவர் எனக்குத் தெரிஞ்சு இந்த ஜில்லாவுல ஒரே ஆள். அதாவுல்லா பாய்.”

*

மாருதி 800-க்கு ஹாரன் வேலை செய்யாது. ஆகவே விரிஞ்சிபுரம் தாண்டும் வரை ரஃபத் ஜன்னல் வழியாகக் கத்திக்கொண்டே ஓட்டினாள். பள்ளிகொண்டா வந்தபிறகு சாலை காலியானது.

“சார், அந்தப் பொண்ணு எடுக்கலன்னு உங்களுக்குத் தோணுதா, தெரியுமா?”

“தோணுது.”

“தோணறதை எல்லாம் அந்த மேடம் கேக்க மாட்டாங்க. அஞ்சு மணிக்குள்ள கையில ஏதாவது வேணும்.”

“அதான் போறோம்.”

“ஆம்பூர் வரைக்கும் போய் பிரியாணி சாப்பிடாம திரும்பி வர்றது பாவம்னு எங்க வூட்ல சொல்லுவாங்க.”

“அஞ்சு மணிக்கு அப்புறம் எந்தப் பாவம் வேணா கழுவிக்கலாம்.”

மாதனூர்க் கைகாட்டி வந்தபோது ரஃபத் வேகத்தைக் குறைத்து அதைப் பார்த்தாள். இந்த ஊரிலிருந்துதான் அந்தப் பெண் தினமும் இரண்டு பஸ் மாறி வேலூருக்கு வருகிறாள். பி.எஸ்ஸி. படித்த பெண். திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பிவிட்டால் எந்த லேப் கதவு திறக்கும்? கம்பெனி பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் இவள் பேச்சாகத்தான் இருக்கும். அப்பனும் அதே பஸ்ஸில்தான் ஏறியாக வேண்டும். ரஃபத் ஆக்சிலரேட்டரை அழுத்தினாள்.

*

அதாவுல்லாவின் அறை ஒரு பினிஷிங் கூடத்தின் மாடியில் இருந்தது. கீழே ஸ்பிரே மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. மேலே வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல், அதன் கீழே நீள மேஜை, மேஜை மேல் நூறு வர்ணக் கிண்ணம். மருதாணி பூசின தாடியோடு அறுபத்தைந்து வயசு மனிதர் ஒருவர் ஒரு தோல் துண்டை வெளிச்சத்தில் பிடித்து அதனிடம் ஏதோ குறை கேட்டுக்கொண்டிருந்தார்.

“அடடே, கிருபா. என் மூணு லோடு தோலைக் கழிச்சுப் போட்ட புண்ணியவான்,” என்றார் நிமிராமலே.

“ரெண்டு லோடுதான் பாய். மூணாவதை நீங்களே வித்துட்டீங்க.”

“உட்காரு. இந்தப் பேட்டி யாரு?” என்று ரஃபத்தை உருதுவில் மகள் முறை வைத்துக் கேட்டார்.

“எங்க ஆபீஸோட வாய்.”

டீ வந்தது. கிருபானந்தம் குப்பியை மேஜையில் வைத்தார். அதாவுல்லா அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். ஒரே பார்வைதான்.

“என் கைதான். அதுக்கு இன்னா?”

“யாருக்குப் பண்ணிக் குடுத்தீங்க?”

“கிருபா, ஒரு பார்ட்டி ஷேடை இன்னொரு பார்ட்டிகிட்ட நான் சொன்னதா நாப்பது வருஷத்துல யாராவது சொல்லியிருக்காங்களா? டீயைக் குடி.”

“பாய், ஒரு பொண்ணு வேலை போகுது,” என்றாள் ரஃபத். “அஞ்சு மணிக்கு அவ அப்பன் வந்து தலை குனிஞ்சு நிக்கப் போறார். செய்யாத தப்புக்கு.”

அதாவுல்லாவின் தாடி லேசாக ஆடியது. ஆனால் அவர் டீ கிளாஸைத்தான் அவள் பக்கம் நகர்த்தினார். வழக்கம் வழக்கம்தான். வற்புறுத்தினால் டீ கிளாஸையும் வாங்கி வைத்துவிடுவார் போலிருந்தது.

கிருபானந்தம் அவசரப்படாமல் டீயைக் குடித்து முடித்தார். “பேரு வேணாம் பாய். மறுபாதி இருக்கா?”

ரஃபத் புரியாமல் பார்த்தாள். அவர் அவளுக்காகச் சொன்னார். “ஒரு ஷேடு ஓகே ஆனா, அந்த சாம்பிள் தோல் துண்டை நடுவுல வெட்டுவாங்க. பாதி பார்ட்டிகிட்ட, பாதி மாஸ்டர்கிட்ட. நாளைக்கு நிறம் சரியில்லன்னு சண்டை வந்தா ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்துக்கலாம். பொருத்தின சரக்கைக் கையில எடுத்துட்டு வந்து கேட்டா, மாஸ்டர் தன் பாதியைக் காட்டணும். பேரு சொல்ல வேணாம், பாதியைக் காட்டித்தான் ஆகணும். இல்லையா பாய்?”

அதாவுல்லா அவரை முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். “செலக்டர் புத்தி போகலையே உனக்கு.”

எழுந்து பீரோவைத் திறந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்து வந்தார். மூன்று மடிப்பு மடித்து டேப் ஒட்டியிருந்தது.

“தோலா இருந்தா கத்திரியால வெட்டுவேன். இது பொடி. அதான் ஸ்பூனால பாதி எடுத்து வெச்சேன். மாதிரிக்குன்னு அவங்க குடுத்த அசல் பொடியில பாதி இது.”

டெல்லிக் குழு பார்க்க வருகிற பொடி, அஞ்சு வருஷ உழைப்பு, ஒரு பெண்ணின் மானம் எல்லாம் தோல் பீரோவில் பழுப்புக் கவருக்குள்.

“நீங்க பாதி எடுத்தது கொண்டாந்தவங்களுக்குத் தெரியுமா பாய்?”

“சொல்லணும்னு தோணல பேட்டி. டீ குடிச்சா கிளாஸ் கழுவறோம். சொல்லிட்டா கழுவறோம்?”

ரஃபத் ஆவலோடு கவரின் டேப்பைப் பிய்க்கப் போனாள். அதாவுல்லாவின் கை சட்டென்று அவள் மணிக்கட்டைத் தட்டிவிட்டது.

“தொறக்காத. கையுறை போட்டுக்கிட்டுத்தான் தொறக்கணும். ஊதாத, மோந்து பாக்காத.”

“யார் சொன்னா?”

“கொண்டாந்தவங்கதான். மூணு தரம் சொன்னாங்க. கையில பட்டிருந்தா சோப்புப் போட்டுக் கழுவுங்க பாய், வூட்டுக்குப் போய்ப் பேரப்புள்ளைங்களைத் தூக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தரம் கழுவுங்கன்னாங்க. ஜாஸ்தி பயந்துட்டாங்க, பாவம். புதன்கிழமை வந்து குடுத்தாங்க, வியாழக்கிழமை வாங்கிட்டுப் போய்ட்டாங்க. வெள்ளி எங்களுக்கு லீவு. இதுக்கு மேல கேக்காதீங்க.”

கிருபானந்தம் மேலே எதுவும் கேட்கவில்லை. கவரை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

*

மாடிப்படி இறங்கி, கார் கதவைத் திறந்து, சாவியைத் திருப்பப் போன ரஃபத் அப்படியே நின்றாள்.

“சார், அது சாதுப் பொடின்னாங்களே. இட்லிக்குத் தொட்டுக்கலாம்னாங்களே.”

“ஆமா.”

“மேகலா எடுத்திருந்தா அப்படித்தான் நினைச்சிருப்பா. அவ அப்பன் எடுத்திருந்தாலும் அப்படித்தான். அவங்களுக்கு அது சாது. அப்புறம் எதுக்குப் பாய்கிட்ட மூணு தரம் கை கழுவச் சொல்லணும்?”

“சொல்லு.”

“இந்தத் தடவை செஞ்ச பொடி சாது இல்லன்னு தெரிஞ்ச ஆள்தான் சொல்லியிருக்கணும். அது தெரியணும்னா சோதனை பண்ணிப் பாத்திருக்கணும். செல்லுல சோதனை பண்ணத் தெரிஞ்சவங்க அந்த ரூம்ல ஒருத்தர்தான்.” ரஃபத் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டாள். “ஐயோ, எனக்கு அவங்களைப் பிடிச்சிருந்துதே சார்.”

“எனக்கும்தான். வண்டியை எடு. மணி மூணு.”

*

பள்ளிகொண்டா அருகே ஒரு கரும்பு லாரி குறுக்கே நின்று முக்கால் மணி நேரத்தை விழுங்கியது. ஆராய்ச்சி நிலையத்துக்குள் நுழைந்தபோது நாலே முக்கால். தரைக்கடி அறையில் கரோலின் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“ஏதாவது தெரிஞ்சுதா?”

கிருபானந்தம் பழுப்புக் கவரை மேஜை மேல் வைத்தார். “உண்மையான பொடி பாதி கெடைச்சிடுச்சு டாக்டர். வழக்கமா உள்ளங்கையில கொட்டிக் காட்டுவீங்களே. கொஞ்சம் கொட்டிக் காட்டுங்க, பாத்துக்கறோம்.”

கரோலினின் கை தானாக மேலே அலமாரியில் இருந்த கையுறைப் பெட்டிக்குப் போனது. ஒரு ஜோடியை உருவி மாட்டினாள். அதன்மேல் இன்னொரு ஜோடியை மாட்டப் போனவள், பாதியில் நிறுத்தினாள். மாட்டின கையுறையைக் கழற்றி மேஜையில் போட்டாள்.

“பாய் சொன்னாரா?”

“உங்க பேரை அவர் சொல்லல. கை கழுவச் சொன்னதை மட்டும்தான் சொன்னார்,” என்றாள் ரஃபத்.

“எங்கப்பா அவர்கிட்டதான் பினிஷிங் கத்துக்கிட்டார். சின்ன வயசுல அந்த ஜன்னலாண்ட உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதியிருக்கேன். அவருக்கு ஏதாவது ஆய்டுமோன்னு பயமா இருந்துச்சு.” கரோலின் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “செவ்வாய்க்கிழமை பாத்தேன். ஒலி இல்லாமலே செல் செத்துப்போச்சு. மூணு தரம் பண்ணினேன். மூணு தரமும். நல்ல செல், கெட்ட செல் எல்லாம். பொடி செய்றப்ப போடற ஒரு மருந்து சரியாக் கழுவாம உள்ள தங்கிடுது. அவ்ளோதான் சார் தப்பு. ஆறு மாசம் இருந்தா சரி பண்ணிடுவேன். ஆனா திங்கக்கிழமை அந்தத் தட்டைப் பாத்தாங்கன்னா, இது மருந்து இல்ல, விஷம்னு எழுதிட்டுப் போய்டுவாங்க. அதோட முடிஞ்சுது.”

“வீரியம் கம்மின்னா மன்னிப்பாங்க. விஷம்னா மன்னிக்க மாட்டாங்க,” என்றார் கிருபானந்தம். “அதான் ஒண்ணுமே செய்யாத பொடியை வெச்சுட்டீங்க.”

“யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். மேடம் மெஷின்ல வெச்சுப் பாப்பாங்கன்னு நினைக்கல. மேகலா மேல பழி வரும்னு சத்தியமா நினைக்கல.”

“வந்தப்புறம்?” என்றாள் ரஃபத்.

கரோலின் தலை குனிந்துகொண்டாள். “வாய் வரல.”

ரஃபத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பாய் கைக்கு மூணு தரம் சோப்பு. மேகலாவுக்கு ஒரு வார்த்தை இல்லை. அதைச் சொல்லவும் சொன்னாள்.

“செவ்வாய்க்கிழமையிலேர்ந்து தட்டெல்லாம் நானே கழுவறேன்,” என்றாள் கரோலின் மெல்ல. “அவளைத் தொட விடல. சீக்கிரம் வீட்டுக்குப் போன்னு அனுப்பிடுவேன்.”

“அது அவளுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? தன்மேல நம்பிக்கை போய்டுச்சுன்னு இல்ல நினைச்சிருப்பா.”

கிருபானந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “டாக்டர், முடி எடுக்கப் போட்ட சுண்ணாம்பைச் சரியாக் கழுவாத தோலை நான் தினம் பாத்திருக்கேன். அது தோலோட குத்தம் இல்ல, திரும்பக் கழுவலாம். ஆனா அதுமேல வர்ணத்தை அப்பி நல்ல தோல்னு அனுப்பினவனை நான் விட்டதே இல்ல. மேல போய் நாங்க சொல்லலாம். நீங்களே சொன்னா நல்லது. மணி அஞ்சாகப் போகுது.”

*

தலைவியின் அறையில் மேகலா மேஜைக்கு முன்னால் நின்றிருந்தாள். எழுதி முடித்த ஒரு தாள் அவள் கையில் இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. பக்கத்தில் ஷூ கம்பெனி யூனிஃபாரம் சட்டையோடு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஒல்லியாக ஒரு மனிதர். அவர்தான் தானியேல். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார். ஜெயபுஷ்பம் நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

கிருபானந்தமும் ரஃபத்தும் கரோலினும் உள்ளே வந்தபோது அவர் பேசிக்கொண்டிருந்தார்.

“...சின்னப் பொண்ணு மேடம். தெரியாம செஞ்சிருக்கும். நான் கேட்டுக்கறேன், மன்னிச்சு வுட்டுடுங்க. போலீஸ் கீலீஸ் வேணாம் மேடம். அதுக்கு இன்னும் கல்யாணம் ஆகல.” அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

மேகலா அவரைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நேரமும் அழுதுகொண்டிருந்த பெண் அந்தக் கணத்தில் அழுகையை நிறுத்திவிட்டாள். ஊரே சொன்னால் தாங்கலாம். இது அப்பன் வாயிலிருந்து வந்தது.

மேகலா பேனாவை எடுத்தாள்.

“கையெழுத்துப் போடாத,” என்றாள் கரோலின்.

எல்லோரும் திரும்பினார்கள். கரோலின் தலைவியைப் பார்த்துப் பேசவில்லை. நேராகத் தானியேலுக்கு முன்னால் போய் நின்றாள்.

“ஐயா, கையை இறக்குங்க. உங்க பொண்ணு எதையும் எடுக்கல. பொடியை மாத்தி வெச்சது நான். இவ மேல பழி விழுந்தது தெரிஞ்சும் நேத்துலேர்ந்து வாயை மூடிட்டு இருந்ததும் நான்தான்.”

பிறகு தலைவியிடம் திரும்பி எல்லாவற்றையும் சொன்னாள். செவ்வாய்க்கிழமைத் தட்டு, ஆம்பூர் ஜன்னல், பச்சை கலந்த வர்ணம், ஒன்றையும் விடவில்லை. ஜெயபுஷ்பம் நடுவில் குறுக்கிடவே இல்லை. முடிந்ததும் மேகலாவின் கையிலிருந்த தாளை வாங்கி நாலாகக் கிழித்தார்.

“திங்கக்கிழமை உண்மையான பொடியைத்தான் காட்டப் போறோம்,” என்றார். “செல் செத்ததுன்னா செத்ததுன்னு சொல்லுவோம். அவங்க எழுதறதை எழுதட்டும். கரோலின், உங்க விஷயம் அதுக்கப்புறம். மேகலா, நான் உன்கிட்ட...” அவளிடமிருந்து வாங்கி வைத்திருந்த அலமாரிச் சாவியைச் சாவிக்கொத்திலிருந்து கழற்றி அவள் கையில் வைத்தார்.

மேகலா சாவியை வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும் என்று ரஃபத்துக்கும் தோன்றியது.

தானியேல்தான் இன்னும் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். கும்பிட்ட கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் உன்னை ஒரு வார்த்தை கேக்கலியேம்மா,” என்றார் மகளிடம். “பஸ்ல வர்றப்ப பூரா, இன்னா சொல்லி மன்னிப்புக் கேக்கறதுன்னுதான் யோசிச்சுட்டு வந்தேன். எடுத்தியான்னு உன்னைக் கேக்கணும்னு தோணல எனக்கு.”

மேகலா சாவியை உள்ளங்கையில் இறுக்கி மூடிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

“இப்ப கேளுப்பா.”

அவர் அடையாள அட்டையை விட்டுவிட்டு அவளை நேராகப் பார்த்தார். “எடுத்தியாம்மா?”

“இல்லப்பா.”

தானியேல் தலையை ஆட்டினார். அப்புறம்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.